‘மொதல்ல நல்லாகட்டுங்க’: மனநலத்தில் மீட்சி வழி என்றால் என்ன?

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது மனநோய் வந்துவிட்டால், கூடவே ஒரு வரியும் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்: “மொதல்ல நல்லாகட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்.” பையன் காலேஜுக்குத் திரும்பப் போகிறேன் என்றால் அதுதான் பதில். பெண் மறுபடியும் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்றாலும் அதுதான். நோன்பிக்கு மாமன் வீட்டுக்குப் போவது, வண்டி எடுப்பது, கையில் இருநூறு ரூபாய் வைத்துக்கொள்வது, எல்லாவற்றுக்கும் அதே வரி. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை, பயத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்த ‘மொதல்ல’ இரண்டு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் என்று நீண்டுகொண்டே போகும். ‘அப்புறம்’ வரவே வராது.

மனநல சேவையில் மீட்சி வழி என்று சொல்லப்படும் அணுகுமுறை இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறது. நோய் முழுக்கப் போன பிறகு வாழ்க்கை என்று தள்ளி வைக்காதீர்கள். கொஞ்சம் அறிகுறி மிச்சமிருக்கும்போதே அவர் விரும்பும் வாழ்க்கையைத் தொடங்கட்டும், மருந்தும் மற்ற உதவிகளும் அதற்குத் துணையாக வரட்டும் என்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத கணக்கு இல்லை. கிணறு நிறையட்டும் என்று காட்டைச் சும்மா போட்டுக் காத்திருந்தால் நம் அப்பாரு காலத்தில் யாரும் பிழைத்திருக்க முடியாது. இருக்கிற தண்ணிக்கு எது விளையுமோ, அந்த வெள்ளாமையை வைத்தார்கள்.

மருத்துவர் ‘குணம்’ என்று எதைச் சொல்கிறார், நோயோடு வாழ்பவர் எதைச் சொல்கிறார் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவருடைய கணக்கில் குரல் கேட்பது நின்றதா, சந்தேகம் குறைந்ததா, தூக்கம் வந்ததா என்பவை வரும். இவை முக்கியமானவைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் குரல் நின்றுபோய், மாத்திரை மயக்கத்தில் மத்தியானம் வரை படுத்துக் கிடந்து, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற ஒருவர் அந்தக் கணக்குப்படி நன்றாக இருக்கிறார். எப்போதாவது குரல் கேட்டாலும் அதைச் சமாளித்துக்கொண்டு, வேலைக்குப் போய், சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கி, தங்கச்சி பிள்ளைக்கு முறுக்கு வாங்கிப் போகிறவர் அதே கணக்கில் இன்னும் தேறாதவர். இந்த இருவரில் யார் மீண்டவர் என்று கேட்டால் எனக்கு இரண்டாமவர்தான்.

இந்த யோசனை முதலில் பேராசிரியர்களிடமிருந்து வரவில்லை. நோயை அனுபவித்தவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் பாட்ரீசியா டீகனுக்குப் பதின்வயதிலேயே மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று சொல்லிவிட்டார்கள். பின்னாளில் அவரே மருத்துவ உளவியலாளர் ஆனார். மீட்சியை நோயாளியின் பக்கத்திலிருந்து விவரித்து 1988இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் வாசிக்கப்படுகிறது. 1993இல் வில்லியம் ஆந்தனி என்பவர், நோயின் கட்டுப்பாடுகள் இருந்தாலும் நம்பிக்கையோடும் பங்களிப்போடும் வாழ்வதே மீட்சி, மனநல சேவைகள் எல்லாம் அதை நோக்கித் திரும்ப வேண்டும் என்று எழுதினார். அப்புறம்தான் அரசுகளும் மருத்துவமனைகளும் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டன.

அதற்கு முன்பு இருந்த நம்பிக்கை வேறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின் மனச்சிதைவு நோயை, போகப் போக மூளை மங்கும் நோயாக விவரித்தார். பல தலைமுறை மருத்துவர்கள் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்த்தார்கள். அதை உலுக்கியது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில ஆய்வு. அங்கே அரசு மனநல மருத்துவமனையின் பின்கட்டு வார்டுகளில், இனி தேற மாட்டார்கள் என்று கைவிடப்பட்டுக் கிடந்தவர்களை 1950களில் ஒரு மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்த்து, வீடு, வேலை, தொடர்ந்த உதவி எல்லாம் ஏற்பாடு செய்து வெளியே அனுப்பினார்கள். அப்படிப்பட்ட 269 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத் தேடிப் பார்த்தார் கோர்ட்னி ஹார்டிங் என்ற ஆய்வாளர். 1987இல் முடிவுகள் வெளிவந்தன. அவர்களில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கணிசமாகத் தேறியிருந்தார்கள் அல்லது முழுதாகவே மீண்டிருந்தார்கள். லேசான நோயாளிகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்த கூட்டம் இல்லை இது. இருப்பதிலேயே மோசமானவர்கள் என்று எழுதி வைக்கப்பட்டவர்கள்.

சரி, மீட்சி என்றால் ஒருவர் வாழ்க்கையில் என்னென்ன நடக்க வேண்டும்? உலகம் முழுவதும் மீண்டவர்கள் சொன்னதைத் தொகுத்து லண்டன் ஆய்வாளர்கள் 2011இல் ஒரு சட்டகம் போட்டார்கள். மனிதர்களோடு தொடர்பு, நம்பிக்கை, ‘நான் யார்’ என்ற அடையாளம், வாழ்வுக்கு ஓர் அர்த்தம், தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கும் பலம் என்று ஐந்தைச் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும்.

ஓர் உதாரணத்துக்கு, திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்த்த இருபத்தாறு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது, தூக்கம் போனது, வேலை நின்றது. கோயிலில் பூ வாக்குக் கேட்டார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மருந்தால் நோய் பெரும்பகுதி சரியானது. ஆனால் அதற்குள் தெருவில் அவர் ‘அந்தப் பைத்தியக்காரப் புள்ள’ ஆகிவிட்டார். வீட்டில் சத்தமாகச் சிரித்தாலும் அம்மா, “கண்ணு, இன்னிக்கு மாத்திரை போட்டியா?” என்கிறார். கோபம் வந்தால் நோய், அழுதால் நோய், கடன் கொடுத்தவளிடம் சண்டை போட்டாலும் நோய். ஒரு பெண்ணுக்கு உரிய சாதாரண மனநிலைகள் எல்லாம் அறிகுறி என்ற ஒரே டப்பாவுக்குள் போய்விட்டன. அடையாளம் என்று அந்த ஆய்வாளர்கள் சொன்னது இதைத்தான். அவர் மறுபடியும் செக்கிங் அக்காவாக, சித்தியாக, குழுவில் பணம் கட்டுகிறவராக ஆகும்போதுதான் ‘நோயாளி’ என்பது அவரைப் பற்றிய பல விஷயங்களில் ஒன்றாகச் சுருங்கும்.

வேலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொங்கு நாட்டில் ஒருவருடைய மரியாதை பெரும்பாலும் உழைப்பில்தான் நிற்கிறது. சும்மா இருப்பவனை நோயைவிட அதிகமாகக் கேவலப்படுத்தும் ஊர் இது. பழைய மறுவாழ்வு முறையில் முதலில் பயிற்சி: மெழுகுவர்த்தி செய், காகித உறை ஒட்டு, தயாரானதும் வெளி வேலைக்கு அனுப்புகிறோம் என்பார்கள். பலர் அந்த உறை ஒட்டுவதிலேயே வருடக்கணக்கில் நின்றுபோனார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். வேலைக்குப் போக ஆசைப்படும் யாராக இருந்தாலும் சரி, உண்மையான சம்பளத்துக்கு உண்மையான வேலையை உடனே தேடிக் கொடு, வேலையில் சேர்ந்த பிறகு தேவையான உதவியை விடாமல் கொடு என்றார்கள். பல நாடுகளில் சோதித்துப் பார்த்ததில், பழைய பயிற்சி முறையைவிட இதில் அதிகம் பேர் வேலைக்குப் போனார்கள்.

இதையே நம் பெண்ணுக்குச் செய்தால் எப்படி இருக்கும்? ஒன்றரை ஷிஃப்ட் வேண்டாம், இப்போதைக்கு ஒரு ஷிஃப்ட் போதும் என்று கம்பெனியில் பேச வேண்டும். பீஸ் ரேட்டா (முடித்த எண்ணிக்கைக்குக் கூலி), நாள் சம்பளமா என்று பார்க்க வேண்டும். பீஸ் ரேட்டில் கை மெதுவாக ஓடும் நாளில் பதற்றம் கூடும். பெரிய ஹாலில் இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்தால் காதில் வேறு சத்தங்கள் கலக்கின்றன என்றால், ஒரு ஓரமாக இடம் கேட்கலாம். காலையில் எழ முடியவில்லை என்றால் மாத்திரை நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். இரண்டு வேளை மருந்தை இரவு ஒரே வேளைக்கு மாற்ற முடிகிற மருந்துகள் உண்டு, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஓவர்டைமில் தூக்கம் கெட்டால் நோய் திரும்புவது சுலபம். ஆக, தூக்கத்தைக் காப்பாற்றுவதும் வேலைத் திட்டத்தில் ஒரு பகுதி. இதெல்லாம் பெரிய மருத்துவம் இல்லை. ஆனால் கேட்டுச் செய்ய ஓர் ஆள் வேண்டும். சமூகப் பணியாளர் அந்த ஆளாக இருக்கலாம், ஒரு நல்ல சூப்பர்வைசர் கூட இருக்கலாம். (இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டுச் சித்தப்பா “அதெல்லாம் நடக்குமாங்க, ஆர்டர் முடிக்கிற அவசரத்துல?” என்று கேட்பார். எல்லாக் கம்பெனியிலும் நடக்காது. ஆள் கிடைக்காமல் தவிக்கும் கம்பெனிகளில் நடக்கும்.)

மருந்து பற்றி ஒரு தவறான புரிதல் உண்டு. மீட்சி வழி என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. தானாக, திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இங்கே மாறுவது பேச்சுதான். மாதவிடாய் நின்றுபோனது, உடம்பு பத்து கிலோ ஏறியது, கை நடுங்கித் துணியைப் பிடிக்க முடியவில்லை, கல்யாணமானவருக்குப் படுக்கையறையில் சிக்கல், இவையெல்லாம் பக்கவிளைவுகளாக இருக்கக்கூடும். “அதெல்லாம் அப்படித்தான்” என்று தள்ளிவிடாமல், மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழி இருக்கிறதா என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுவதைத்தான் இந்த அணுகுமுறை கேட்கிறது. தன் சிரமத்தைக் காது கொடுத்துக் கேட்டவர் தரும் மாத்திரையை யாரும் சாக்கடையில் போடுவதில்லை.

முடிவெடுக்கும் பலம் என்ற ஐந்தாவதுக்கு இந்தியாவில் சட்டமே இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநோய் உள்ளவருக்கும் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இருக்கக்கூடும் என்ற இடத்திலிருந்து அது தொடங்குகிறது. நன்றாக இருக்கும்போதே, ‘எனக்கு மறுபடி முடியாமல் போனால் இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். அது அப்பாவாகவோ கணவனாகவோதான் இருக்க வேண்டும் என்றில்லை. சொந்தத்தில் இல்லாத தோழியாகவும் இருக்கலாம். தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். குடும்பமும் சமூகமும் இருக்கிற இடத்தில் வாழும் உரிமையும் உண்டு. வீடு ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது.

சங்கிலியில் கட்டுவதையும் இதே சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. கொங்குப் பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் ஏர்வாடி தர்காவுக்கும், முசிறிப் பக்கம் குணசீலம் கோயிலுக்கும் போவது புதிதல்ல. மாநிலத்தின் பெரிய அரசு மனநல மருத்துவமனை 1794இல் சென்னையில் தொடங்கியது, 1871இலிருந்து கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது; கோவையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர். பக்கத்தில் இருந்தது சாமிதான். குணசீலத்தில் ஒரு மண்டலம், 48 நாள் தங்கி, காவிரியில் குளித்து, காலை மாலை பூசையில் நிற்பதில் பலருக்கு ஆறுதல் கிடைப்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒருவருக்குக் கோயில் அர்த்தம் தருமென்றால் அதுவும் அவருடைய மீட்சியில் ஒரு பகுதி. மருந்தும் சேர்ந்து போகட்டும். கட்டிப் போடுவது மட்டும் எந்தச் சாமியின் பெயரிலும் கூடாது.

இந்த அணுகுமுறை வெளிநாட்டிலிருந்து வந்ததால் தனிமனிதரை நடுவில் வைத்துப் பேசுகிறது. தனி வீடு எடுப்பார், தன் முடிவைத் தானே எடுப்பார், தன் பயணம் என்பார். நம் ஊரில் ஒருவருடைய ஆஸ்பத்திரியை முடிவு செய்வது மாமன், சித்தப்பா, அண்ணி எல்லாரும் கூடிய கூட்டம். இதை முழுக்கக் குறை என்று சொல்ல மாட்டேன். விமர்சனமும் பகையும், அளவுக்கு மீறிய பொத்திப் பொத்தி வளர்ப்பும் உள்ள வீடுகளில் நோய் அடிக்கடி திரும்புகிறது என்பது லண்டன் ஆய்வுகளில் தெரிந்தது. அதே அளவுகோலை 1980களில் சண்டிகரில் வைத்துப் பார்த்தபோது, இந்தியக் குடும்பங்களில் அந்த விமர்சனம் குறைவாகவே இருந்தது. குடும்பம் நம்முடைய பலம் என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் அந்தப் பொத்தி வைப்பில் நாம் கெட்டிக்காரர்கள். தோசை சுடக்கூட அடுப்புப் பக்கம் விடாமல் வைத்திருந்துவிட்டு, “அவளுக்கு ஒரு வேலையும் தெரியாதுங்க” என்று டாக்டரிடம் சொல்வோம்.

கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ‘கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிரும்’ என்பது மேலே சொன்ன வரிக்கு நேர் எதிரானது போலத் தோன்றும். மற்ற எல்லாவற்றுக்கும் காத்திருக்கச் சொல்பவர்கள் இதற்கு மட்டும் அவசரப்படுவார்கள். நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் முதலில் நிற்பது மாத்திரைதான். புது வீட்டில் யாருக்கும் தெரியாமல் எப்படிப் போட முடியும்? கல்யாணம் வேண்டுமா, யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை சம்பந்தப்பட்டவரே தீர்மானிக்க வேண்டும். வீட்டார் கூட உட்கார்ந்து பேசலாம்.

குறைகளும் இருக்கின்றன. இங்கிலாந்தில் நோயை அனுபவித்தவர்களிலேயே சிலர், மீட்சி என்ற பெயரைச் சொல்லி உதவித்தொகையையும் சேவைகளையும் வெட்டுகிறார்கள் என்று கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். ‘நீ நம்பிக்கையா இருந்தா மீண்டுருவே’ என்று பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டிவிட்டு, வாடகை, கடன், சாதி, குடிகாரக் கணவன் இவற்றைப் பற்றிப் பேசாமலிருப்பது ஏமாற்று வேலை. நீண்ட காலம் பெரிய அளவு உதவி தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. சென்னையில் 1993இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, மருத்துவமனையில் வருடக்கணக்கில் இருந்தவர்களை நான்கைந்து பேராகச் சாதாரண வாடகை வீடுகளில், உதவியாளரோடு குடியமர்த்துகிறது. காய் வாங்குவது, பக்கத்து வீட்டாரோடு பழகுவது எல்லாம் அங்கேயே நடக்கிறது.

இதற்கெல்லாம் டாக்டர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி வரும். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் இந்திய ஆய்வு இதற்குப் பதில் தேடியது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரா என மூன்று இடங்களில், மனச்சிதைவு நோய் உள்ள 282 பேர். சிலருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ச் செய்த உதவியும். இரண்டாவது பிரிவினர் ஓரளவு கூடுதலாகத் தேறினார்கள். பிரமாதமான வித்தியாசம் இல்லை. ஆனால் பட்டம் பெற்ற நிபுணர் இல்லாமலும் நிறையச் செய்யலாம் என்று காட்டியது. நோயிலிருந்து மீண்ட ஒருவரே அந்தப் பணியாளராக இருந்தால் இன்னும் நல்லது. ‘நானும் அந்த ஊசி போட்டவன்தாங்க’ என்று ஒருவர் சொல்வதில் இருக்கும் பலம், எந்த வெள்ளைக் கோட்டுக்கும் வராது.

மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார்; எந்த நாள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதனால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது: இப்போது என்ன செய்ய ஆசை, அதற்கு எந்த அறிகுறி இடைஞ்சல், எந்தப் பக்கவிளைவு இடைஞ்சல். இதை நோயாளியே எழுத வேண்டும், அல்லது அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டும். டாக்டர் அம்மாவிடமே பேசிக்கொண்டிருந்தால், “அவகிட்டயே கேளுங்க டாக்டர்” என்று அம்மாவே சொல்லலாம். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், நோய் திரும்பும்போது முதலில் என்ன மாறும் என்று எழுதி வையுங்கள். ஒருவருக்கு இரண்டு ராத்திரி தூக்கம் போகும், இன்னொருவர் போனை அணைத்துவிடுவார், வேறொருவர் குளிப்பதை நிறுத்துவார். அப்போது யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடவே கூடாது என்பதையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

நோயால் அன்றாட வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. தன்னைப் பராமரித்துக்கொள்வது, மற்றவரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை ஆகியவற்றை வைத்து மதிப்பிடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி. சான்றிதழ் வாங்கினால் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படும் குடும்பங்கள் உண்டு. வாங்குவதா வேண்டாமா என்பதும் அந்த நோட்டுக்காரர் சொல்ல வேண்டியதுதான். ராத்திரி நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.